நகையும் நன்றியும்: இல்லறத்தார் ஒருவரின் நினைவு

(பழங்காநத்தம் சிவாலயத் திருக்குட நன்னீராட்டு விழாவையொட்டி, யாகசாலை மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



மாலைக் கால வேள்வி நிறைவுற்றுத் தீபாராதனை கண்டு, திருநீறு தரித்து அமர்ந்திருக்கும் உங்கள் முன்னே அடியேனைப் பேசப் பணித்தார்கள். திருப்பணிக் குழுவினர் என்னிடம் வந்தபோது, “சித்தாந்தம் பற்றி ஏதேனும் பேசுங்கள்” என்றனர். ஐம்பது ஆண்டுகளாக அதனைத்தான் பேசி வருகிறேன். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளை விரித்துரைக்கத் தொடங்கிய சிறிது நேரத்திற்கெல்லாம், கேட்போர் பலர் கண்களை மூடிக்கொண்டு சிவயோக நிலையை எய்திவிடுவதைப் பல ஊர்களிலும் கண்டிருக்கிறேன். நாளை விடியற்காலையில் நீங்கள் விழித்திருந்து கலசப் புறப்பாடு காணவேண்டும். ஆகலின் இன்றிரவு அந்த யோகத்திற்கு இடங்கொடாமல், ஓர் இல்லறத்தாரின் கதையைச் சொல்லலாம் என்று எண்ணினேன்.

அவ்வெண்ணத்தை எனக்குத் தந்தது இவ்வூரே ஆகும். இப்பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் என்றோர் இடம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கோவலன் வெட்டுண்ட இடம் அதுவே என்று நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்தனர். 1980ஆம் ஆண்டளவில் அரசின் தொல்லியல் துறையினர் அவ்விடத்தை அகழ்ந்து, முதுமக்கள் தாழி முதலிய பழம்பொருள்களைக் கண்டெடுத்தனர். கட்டிய மனைவியை மறந்து, பொருளை இழந்து, இறுதியில் அவள் காற்சிலம்பை விற்க வந்தவன் கோவலன். அவன் பெயரால் ஒரு பொட்டல் நிற்கும் ஊரிலே, குடும்பத்தையும், குருவையும், உதவினாரையும் ஒருநாளும் மறவாத ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருத்தமன்றோ? இன்னுமொரு பொருத்தமும் உண்டு. அக்கோவலன் கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு 1892இல் அச்சிட்டு நம் கையில் தந்தவரும் அவரே. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் புதல்வர் சாமிநாதையரைத்தான் சொல்லுகிறேன்.

“தமிழ்த் தாத்தா என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவரைப் பற்றி இவர் புதிதாக என்ன சொல்லப் போகிறார்?” என்று சிலர் நினைக்கலாம். அவர் பதிப்பித்த நூல்களின் வரிசையை நான் ஒப்பிக்கப் போவதில்லை. அவரை ஒரு மகனாக, ஒரு மாணாக்கராக, ஒரு குடும்பத்தலைவராக நினைவுகூரவே விரும்புகிறேன். அவர் வாழ்வில் அடியேன் கண்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்மைப் பற்றிப் பேசுமிடத்து அவர் நகைத்தார். பிறரைப் பற்றிப் பேசுமிடத்து நன்றி பாராட்டினார். நம்மில் பெரும்பாலோர் இவ்விரண்டையும் இடம் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஐயரவர்கள் தம் எண்பத்தைந்தாம் பிராயத்தை ஒட்டி, 1940இல் ‘ஆனந்த விகடன்’ இதழில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். ‘என் சரித்திரம்’ என்பது அதன் பெயர். அரசினர் அளித்த மகாமகோபாத்தியாயப் பட்டமும், சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் அளித்த டாக்டர் பட்டமும் பெற்றவர். அத்தகையவர் தம் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவார்? ஏகாதசி நாளென்பதை மறந்து தாம்பூலம் தரித்துவிட்ட ஒரு தஞ்சை அரசரிடமிருந்து தொடங்குகிறார். விரதநாளில் வெற்றிலை மென்ற குற்றத்திற்குக் கழுவாயாக அவ்வரசர் அந்தணர்க்கு வீடுகளும் நிலமும் அளித்தாராம். அதுவே உத்தமதானபுரம் ஆயிற்றாம். ஓர் அரசரின் மறதியால் பிறந்த ஊரில் தோன்றியவர், எதனையும் மறவாதவராக வாழ்ந்தார்! ‘என் சரித்திரம்’ என்று பெயரிட்டுவிட்டு, நூல் நெடுகத் தம் தந்தையாரையும், ஆசிரியரையும், சோறிட்டவர்களையும், சுவடி தந்தவர்களையும் பற்றியே பேசுகிறார். தமக்கு அந்நூலில் ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டார் என்றே சொல்லலாம்.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். உடையார்பாளையம் சமஸ்தானத்து வித்துவானாகிய கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். இராமாயணக் கதை சொல்லி வரும் வருவாயில் குடும்பம் நடத்தியவர். மகனுக்கோ இளமையிலேயே தமிழின்மேல் தீராத காதல். வீட்டில் பொருளில்லை, ஊரில் தமிழாசிரியர் இல்லை. ஏழைத் தந்தை என்ன செய்தார்? மகனுக்குப் பாடஞ் சொல்ல வல்லவர் எவ்வூரில் உளரோ அவ்வூருக்கே குடும்பத்தை எடுத்துக்கொண்டு சென்றார். அரியிலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் ஊராகச் சட்டிபானைகளைச் சுமந்து சென்ற குடும்பம் அது. இன்று நம் வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்காக வீடு மாறுகிறோம்; பெருந்தியாகம் செய்ததாக உறவினரிடமெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். அத்தந்தையார் சொல்லிக்கொள்ளவில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் மகன் சொன்னார். தந்தை சொல்லாததை மகன் சொல்லுவதுதான் குடும்பத்திற்கு அழகு.

பதினான்கு வயதளவில் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மதுராம்பிகை அம்மையார் வாழ்க்கைத் துணையாக வாய்த்தார். இல்லறத்தில் புகுந்த பின்னரே அவர் உண்மையான மாணாக்கரானார் என்பதைக் கருத வேண்டும். 1871இல், பதினேழாம் பிராயத்தில், தந்தையார் அவரை மாயூரத்திற்கு அழைத்துச் சென்று, திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் ஒப்படைத்தார்.

அங்கே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. பிள்ளைக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். பிள்ளையவர்கள் சைவப் பழம். அப்பெயரைச் சொல்லி அழைப்பதில் அவருக்கு மனம் அவ்வளவாக ஒட்டவில்லை. “வேறு பெயர் ஏதேனும் உண்டா?” என்று வினவினார். வீட்டில் ‘சாமிநாதன்’ என்று அழைப்பதுண்டு என்பது தெரிந்ததும், அவ்வாறே அழைக்கலானார். திருவேங்கடத்தில் இருந்தவரைச் சுவாமிமலையில் குடியேற்றிவிட்டார்! பிறந்தபோது இட்ட பெயர் மறைந்தது. ஆசிரியர் அழைத்த பெயரே உலகப் பெயராக நின்றது. நம் மடங்களில் தீட்சை பெறுவோர்க்குத் தீட்சா நாமம் சூட்டுவது மரபு. அம்மாணாக்கருக்கோ ஆசிரியர் கூப்பிட்ட குரலே தீட்சையாயிற்று.

மற்றொரு செய்தி. மாயூரத்தில் அப்போது நந்தனார் சரித்திரக் கீர்த்தனம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்திருந்தார். இசைக் குடும்பத்துப் பிள்ளையாகிய சாமிநாதர் அவரிடம் சென்று சில காலம் இசை பயின்றார். பிள்ளையவர்களுக்கு இது தெரியாது. ஒருநாள் பாரதியார் வாயிலாகவே செய்தி வெளிப்பட்டுவிட்டது. இசையில் மனம் சென்றால் இலக்கியப் பயிற்சி குறையும் என்பது ஆசிரியர் கருத்து. மாணாக்கர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். தந்தையின் விருப்பம் ஒருபுறம், ஆசிரியரின் விருப்பம் மறுபுறம். நடுவே ஓர் இளைஞர். இதனை அவர் எழுதியிருக்கும் பாங்கைப் பாருங்கள். ஆசிரியரைக் குறைகூறவில்லை, பாரதியாரையும் குறைகூறவில்லை. திருட்டுத்தனமாக இசை கற்று அகப்பட்டுக்கொண்ட தம்மையே நகைப்புக்கு இடமாக வைத்துக்கொள்கிறார்.

ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவ்வாசிரியரை நிழல்போல் தொடர்ந்தார். பிள்ளையவர்கள் வறுமையிலும் வள்ளன்மை குறையாதவர். வந்ததை வந்தவர்க்கே கொடுத்துவிட்டுக் கடன்பட்டு வாழ்ந்தவர். 1876ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் விடியற்பொழுதில் அவர் சிவபதம் அடைந்தார். அவ்விறுதி வேளையில் திருவாசகத்தை வாசிக்கும்படி அவர் விரும்பினார். மாணாக்கராகிய சாமிநாதர் அடைக்கலப் பத்தை வாசித்துக்கொண்டிருந்தார். மற்றொரு மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தம் மார்பில் தாங்கியிருந்தார். சவேரிநாத பிள்ளை கிறித்தவர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஒரு சைவப் பெரியார் திருவாசகம் கேட்டுக்கொண்டே உயிர் நீக்க, அவருடலைத் தாங்கிய கை ஒரு கிறித்தவ மாணாக்கருடையது. சமயம் கற்பிக்கும் அன்பு இதுவேயன்றோ!

அதன்பின் ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்தன. ஆசிரியரை அறிந்தவர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். தாமும் முதியவராய், எழுபத்தெட்டு வயதை எட்டிய காலத்தில், 1933இலும் 1934இலும் இரண்டு பாகங்களாகப் பிள்ளையவர்கள் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். இடையறாத பதிப்புப் பணியின் நடுவே, இளமையிலிருந்து சேர்த்து வைத்த குறிப்புகளையும் கடிதங்களையும் கொண்டு அதனைச் செய்தார். அச்சரித்திரம் இல்லையேல், பல்லாயிரம் பாடல்கள் பாடிய அப்பெருமான் எப்படிச் சிரித்தார், எப்படிச் சினந்தார், எவ்விடத்தில் பட்டினி கிடந்தார் என்பதை நாம் எங்ஙனம் அறிவோம்?

இனித் தியாகராச செட்டியாரிடம் வருகிறேன். அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுபவர். ஆயினும் ஆசிரியர் பெயரைச் சொன்னால் கண் கலங்குபவர். 1880இல் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற எண்ணியபோது, தம்மிடத்தில் யாரை அமர்த்துவது என்று சிந்தித்தார். தம் உறவினரைத் தேடவில்லை. தம் ஆசிரியரின் கடைசிக் காலத்து மாணாக்கரைத் தேடித் திருவாவடுதுறைக்கு வந்தார். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கு அவ்விளைஞரைப் பிரிய மனமில்லை. ஆயினும் அவர் நன்மை கருதி ஆசி கூறி அனுப்பினார். மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் வேலை அமைந்தது. ஊர் ஊராகச் சென்று கதை சொல்லிய தந்தையாரின் குடும்பம் ஓரிடத்தில் நிலையாக அமர்ந்து உண்டது அதன் பின்னரே.

செட்டியார் 1888இல் காலமானார். ஐயரவர்கள் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்றார். திருவல்லிக்கேணிப் பகுதியில், பிள்ளையார் கோவில் தெருவில் வீடு அமைந்தது. அவ்வீட்டிற்கு என்ன பெயர் இட்டார்? தம் பெயரையா? தம் மகன் பெயரையா? ‘தியாகராஜ விலாசம்’ என்று பெயரிட்டார். தமக்குச் சோறு கிடைக்கச் செய்தவர் பெயரைத் தம் வாயிற்கதவின் மேலே எழுதி வைத்தார். அவர் வீட்டைத் தேடி வந்த பேரறிஞர் அனைவரும் முதலில் கண்டது செட்டியாரின் பெயரை. கடிதம் எழுதியவர் ஒவ்வொருவரும் முகவரியில் எழுதியது செட்டியாரின் பெயரை. இறந்தவர்க்கு ஆண்டுக்கொருமுறை திதி செய்வோம். ஐயரவர்கள் தபால் வரும்போதெல்லாம் செட்டியாருக்குத் திதி செய்தார்! அவ்வீடு இன்று இல்லை, 2012இல் இடிக்கப்பட்டது. கல்லும் சுண்ணமும் போயின; பெயர் வைத்த செய்தி மட்டும் நிற்கிறது.

உபயதாரப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். நம் கோயில்களில் ஒரு நீளவிளக்கு வாங்கிக் கொடுத்தால், வெளிச்சம் வரும் இடமெல்லாம் பெயரை எழுதி இருட்டாக்கிவிடுகிறோம். சுவாமியைக் காண விளக்கா, உபயதாரரைக் காண விளக்கா என்பது விளங்குவதில்லை. (சிரிப்பு.) பெயர் எழுதுவது பிழையன்று. இராசராசப் பெருவேந்தன் தன் கோயிற் சுவரில் கொடுத்தார் பெயரையெல்லாம் வெட்டச் செய்தான். நான் வேண்டுவது ஒன்றே. உங்கள் பெயரோடு, உங்களைக் கொடுக்கும் நிலைக்கு உயர்த்திய ஒருவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். கடை வைக்க முதல் தந்த மாமனோ, எழுத்தறிவித்த வாத்தியாரோ, தன் தாலிச் சங்கிலியை அடகு வைக்கக் கழற்றித் தந்த மனைவியோ, யாரேனும் ஒருவர் இருப்பார்.

ஐயரவர்களின் நகைச்சுவைக்கு வருவோம். கும்பகோணத்திற்கு வேலைக்கு வந்த அதே 1880ஆம் ஆண்டு, அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூர் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் கண்டார். “என்ன படித்திருக்கிறீர்கள்?” என்று முதலியார் வினவினார். ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதிகள் இத்தனை, பிள்ளைத்தமிழ்கள் இத்தனை, கோவைகள், உலாக்கள், தூதுகள் இத்தனை என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் வியப்பின் சாயல்கூட இல்லை. இவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டுச் சீவகசிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்றார். ஐயரவர்கள் படித்ததில்லை. பிறரானால் இந்நிகழ்ச்சியை மறைத்திருப்பர். அல்லது ‘அவர் கேட்டார், நான் தக்க விடை கூறினேன்’ என்று எழுதியிருப்பர். ஐயரவர்களோ, அந்த நீண்ட பட்டியலை ஒன்றுவிடாமல் நமக்கும் ஒப்பித்து, தம் பெருமை எப்படிப் படிப்படியாக இறங்கிற்று என்பதை நாம் கண்டு களிக்கும்படி செய்கிறார். தம் தோல்வியைத் தாமே மேடையேற்றுவதற்கு ஒரு பெருந்தன்மை வேண்டும்.

அன்று ஏற்பட்ட நாணத்தின் பயன் 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது. அது சமண நூல். மடத்தில் பயின்றவருக்கு அச்சமயக் கருத்துகள் புதியவை. எனவே கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடு தேடிச் சென்று கேட்டறிந்தார். ஒருநாள் சந்திரநாத செட்டியார் என்பவர் வீட்டிற்குச் சென்றபோது வாயிலில் மாவிலைத் தோரணமும் கோலமும் கண்டு, “இன்று என்ன விசேடம்?” என்று கேட்டார். சிந்தாமணி படனம் அன்று நிறைவு பெற்றதாகச் சொன்னார்கள். எந்நூலின் பொருள் விளங்காமல் இரவெல்லாம் விளக்கெண்ணெயைச் செலவிட்டாரோ, அந்நூல் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் விழாவாகக் கொண்டாடப்படுகிறது! சம்பந்தப் பெருமான் சமணரோடு வாதிட்ட இம்மதுரையில் நின்று, நாம் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். திருநீறு அணிந்த நெற்றியோடு சமணர் திண்ணையில் மாணாக்கராக அமர்ந்து கேட்டார் அவர். தம் சமயத்தில் உறுதியுள்ளவர்க்கே அவ்வாறு அமர இயலும்.

உரையாசிரியர் நச்சினார்க்கினியரிடமும் அவருக்கு ஓர் உரிமையான பிணக்கு உண்டு. உரையில் மேற்கோள் தரும்போது எந்நூல் என்று பெயர் சொல்லாமல், பிறரும் கூறினார் என்ற அளவில் நிறுத்திவிடுவது அவ்வுரையாசிரியர் இயல்பு. அந்தப் ‘பிறர்’ யார் என்று கண்டுபிடிக்க ஐயரவர்கள் கட்டுக்கட்டாக ஏடுகளைப் புரட்டவேண்டியதாயிற்று. அதனைப் படிக்கும்போது, வீட்டுப் பெரியவர் ஒருவர் சாவியை வைத்த இடம் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டால் மருமகள் எப்படி முணுமுணுப்பாளோ அப்படித் தோன்றும். சினம் போலத் தோன்றும் அதனுள்ளே அன்பே நிறைந்திருக்கும்.

ஒரே ஓர் இடத்தில் அவர் நகைப்பு நெருப்பாயிற்று. குடமுழுக்கு நடக்கும் இடமாதலால் அதனை இங்கே சொல்லியே ஆகவேண்டும். சுவடி தேடித் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றபோது கரிவலம்வந்தநல்லூருக்குப் போனார். வரகுணராம பாண்டியர் காலத்து ஏடுகள் அக்கோயிலில் இருந்தன என்று கேள்வியுற்று வினவினார். பயனற்ற பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியலாகாது, நெய்யில் தோய்த்து ஓமத்தில் இடவேண்டும் என்று ஆகமம் கூறுகிறதாம். அவ்வாறே செய்துவிட்டதாக விடை கிடைத்தது. எந்தக் காப்பியம், எந்தப் பதிகம், எந்த உரை அன்று புகையாயிற்றோ! அவ்வாறு சொல்லும் ஆகமம் ஒன்று இருக்குமானால் முதலில் தீயிலிட வேண்டியது அதனையே அன்றோ என்று ஐயரவர்கள் மனம் நொந்து எழுதினார். படிப்பவர் முதலில் சிரிப்பர். அடுத்த கணம் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும்.

இதற்கு மாறாக, நம் பாண்டிநாட்டிலேயே மிதிலைப்பட்டி என்னும் சிற்றூரில், கவிராயர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக ஏடுகளைக் காத்து வந்தனர். ஐயரவர்கள் சென்றபோது முகமலர்ந்து வரவேற்று, மணிமேகலை, புறநானூறு முதலிய சுவடிகளை எடுத்துத் தந்தனர். ஓரிடத்தில் கோயிலே ஏட்டை எரித்தது. ஓரிடத்தில் குடும்பம் அதனைக் காத்தது. குடும்பம் என்பது சோறுண்டு துயிலும் இடம் மட்டுமன்று. முன்னோர் வைத்ததைப் பின்னோர்க்குக் கைம்மாற்றித் தரும் பண்டாரம் அது.

திருப்பணி என்ற பெயரால் இன்றும் அவ்வோமம் நடைபெறுகிறது. மணலை வீசிக் கற்றூண்களைத் துலக்கியதால் பல ஊர்களில் கல்வெட்டெழுத்துகள் தேய்ந்தன. பழைய ஓவியங்களின் மேல் வண்ணம் பூசப்பட்டது. ‘புதுப்பித்தோம்’ என்று மகிழ்கிறோம். இக்கோயிலில் ஒரு பலகையோ, ஒரு கல்லோ, ஒரு செப்பேடோ எதனை அகற்றினும், அறிந்தார் ஒருவரிடம் காட்டிப் படியெடுத்து வைத்த பின்னரே அகற்றுங்கள். வேள்வித்தீ தெய்வத்தன்மையுடையது, அதற்கு எழுத்தறிவு இல்லை.

இனி அவரது இல்லறம். மதுராம்பிகை அம்மையாரைப் பற்றி ஐயரவர்கள் எழுதியிருப்பது மிகக் குறைவு. மனைவியைப் பற்றிப் பிறர்முன் பேசலாகாது என்பது அக்காலத்தார் நாணம். ஆயினும் நாம் ஊகித்துக்கொள்ளலாம். வீடெல்லாம் ஏட்டுச்சுவடி, திண்ணையெல்லாம் மாணாக்கர், சம்பளத்தில் ஒரு பகுதி அச்சுக்கூடத்திற்கு, விடுமுறை நாளெல்லாம் சுவடி தேடி ஊர்ப்பயணம். அவ்வீட்டில் நாள்தோறும் அடுப்பு எரிந்தது என்றால் அதனை எரித்த கை ஒன்று இருந்தது. முதியவயதில் பெற்றோர் தம்முடன் இருக்க மகன் காத்தார். ஐயரவர்களின் மகனார் கல்யாணசுந்தரமையர் தந்தையின் பணியைத் தம் பணியாக ஏற்றார். 1950இல் ‘என் சரித்திரம்’ நூலாக வெளிவந்தது அவர் முயற்சியினால்தான். மாணாக்கர் கி.வா. சகந்நாதன் ஆசிரியருக்குக் கையாகவும் கண்ணாகவும் இருந்தார். பிள்ளையவர்களுக்கு ஐயரவர்கள் செய்ததை, ஐயரவர்களுக்குச் சகந்நாதன் செய்தார். நன்றி ஒரு குடும்பச் சொத்து. அது வழிவழியாக வரும். போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றிருந்த ஐயரவர்கள், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அங்கே காலமானார். தம் வரலாறு அப்போது முற்றுப்பெறவில்லை. மற்றவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்ததால் தம்மைச் சொல்லி முடிக்க நேரம் போதவில்லை போலும்!

அன்பர்களே, இத்துணையும் சொன்ன அடியேன் நன்றி மறவாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு குற்றத்தை இத்திருமுன்னிலையில் சொல்லிக்கொள்ளவே இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

சோழநாட்டு மடம் ஒன்றின் நிழலில் அடியேன் பயின்றேன். எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் ஏழை. நான்கு பெண்மக்களைப் பெற்றவர். எந்தத் துன்பத்தையும் இலக்கணமாக்கிச் சிரிப்பவர். அரிசி இல்லாத நாளில், “இன்று வீட்டில் எழுவாய் இருக்கிறது, பயனிலை இல்லை” என்பார். மாலை வேளைகளில் ‘என் சரித்திரம்’ படித்துக் காட்டிச் சிரிப்பார். பிள்ளையவர்கள் மறைந்த பகுதி வரும்போது மட்டும் நூலை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். நான் வேலை பெற்று மதுரைக்கு வந்தேன். புராணச் சொற்பொழிவுகளால் ஓரளவு பெயரும் வந்தது. ஒருநாள் அவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. “என் உடல்நிலை இப்பொழுது வினைத்தொகையாக இருக்கிறது, காலம் மறைந்து நிற்கிறது. இறந்தகாலமாக விரியுமுன் ஒருமுறை வந்து போ” என்று எழுதியிருந்தார்.

படித்துச் சிரித்தேன். வீட்டாரிடமும் படித்துக் காட்டினேன். அப்போது ஓரூரில் நாற்பது நாள் பெரியபுராணத் தொடர் நடந்துகொண்டிருந்தது. அதனை முடித்துவிட்டுப் போகலாம் என்று அட்டையைப் புத்தகத்தில் அடையாளமாகச் செருகிக்கொண்டேன். அடியார்க்குத் தொண்டு செய்த நாயன்மார் கதையை அந்நாற்பது நாளும் உருக்கமாகச் சொன்னேன். நான் சென்று சேர்ந்தது அவர் மறைந்து பன்னிரண்டாம் நாள். அவர் மனைவியார் மோர் கொடுத்தார், பின்பு உள்ளே சென்று அந்தப் பழைய ‘என் சரித்திரம்’ நூலைக் கொண்டுவந்து, “நீ வந்தால் கொடுக்கச் சொன்னார், கட்டாயம் வருவாய் என்றார்” என்று சொல்லி என் கையில் வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. ஐயரவர்கள் தம் ஆசிரியருக்குத் திருவாசகம் வாசித்துக்கொண்டிருந்தார். அடியேன் எங்கேயோ ஒலிபெருக்கி முன்னே பெரியபுராணம் பேசிக்கொண்டிருந்தேன்.

செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், துன்பத்தின் நடுவே முகமலர்ந்திருத்தலையும் ஓர் அதிகாரத்தில் வற்புறுத்தினார். இவ்விரண்டையும் ஒருங்கே உடையவராக ஐயரவர்களும் வாழ்ந்தார். பெயர் வெளித்தோன்றாத என் ஆசிரியரும் வாழ்ந்தார். உங்கள் வீட்டிலும் அத்தகையவர் ஒருவர் இருக்கக்கூடும். தம் நோயையும் வறுமையையும் வேடிக்கையாகச் சொல்லும் பெரியவர்களின் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம். அவர் சிரிப்பது நாம் வருந்தக்கூடாது என்பதற்காக. அச்சிரிப்பின் உள்ளே ஓர் அழைப்பு இருக்கும். அதனைக் கேட்கும் செவி நமக்கு வேண்டும்.

நாளைக் காலை விமானக் கலசத்தில் புனித நீர் சொரியும்போது, அத்துளிகள் தம்மேல் விழவேண்டும் என்று எல்லோரும் முண்டியடிப்போம். அப்போது நம்மை வளர்த்தவர் ஒருவரை நினைந்து, அவர் பெயரை வாய்விட்டு ஒருமுறை சொல்லுங்கள். அவர் உயிரோடிருந்தால், பிரசாதத்தை எடுத்துக்கொண்டு நாளை மாலைக்குள் அவர் வீட்டிற்குச் சென்றுவிடுங்கள். தொடர் சொற்பொழிவு முடியட்டும் என்று காத்திராதீர்கள். அடியேன் பேச்சும் இதோ முடிந்துவிட்டது; நீங்கள் புறப்படத் தடையில்லை.

எல்லாம் வல்ல சொக்கேசன் திருவருளால் இத்திருக்கோயிலும், இதனைத் தாங்கும் குடும்பங்களும் நீடு வாழ்க.

திருச்சிற்றம்பலம்.